ஜி அமுக்கினா கும்பிடு

பாஸ்வேர்டு தப்புங்குது. தப்பா இருக்க முடியாது, ஏன்னா நான் நினைச்சு அடிக்கல, விரல் தானா அடிச்சுது. விரலுக்கு மறதி கிடையாதுன்னுல்லா நினைச்சிட்டு இருந்தேன், இந்தா அதுக்கும் வந்துட்டு. கடைசியில ஆச்சரியக்குறியா, நட்சத்திரமா? மூணு தடவை தப்பாப் போனா அக்கவுண்டைப் பூட்டிருவோம்னு சிவப்புல எழுதியிருக்கு, ரெண்டு போயாச்சு, மூணாவது அடிக்காம விரலை எடுத்துட்டேன். சவம், ஒரு விளையாட்டுக்குள்ள போறதுக்கா இந்தப் பயம்னு என்னையே வைதுக்கிட்டு நட்சத்திரத்தைப் போடுதேன். திறந்துட்டு. திறந்த உடனே விட்டிருவானா, அப்டேட்டாம், இருவத்திரெண்டு ஜிபி, ஒரு நீலப் பட்டை நகரவா வேண்டாமான்னு நிக்குது. அடுப்படியில அம்மா நெத்திலி ஆஞ்சிட்டு இருக்கா, தலையைக் கிள்ளிச் சட்டியில போடுத சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது. "ஏட்டி சலோமி, சனிக்கிழமையும் ஆபீஸ் வேலையா?"ங்கா. "ஆமாம்மா"ங்கேன். பொய்தான். நாலு வருசம் மூணு மாசம் கழிச்சு, முப்பத்தொம்பது வயசுல, மஸ்கட்ல இருக்க வீட்டுக்காரருக்குக்கூட சொல்லாம, பழைய கம்ப்யூட்டர்ல விளையாட வந்திருக்கேன்னு எப்படிச் சொல்ல? விளையாடவும் வரல. என் தம்பி கிதியோனைப் பாக்க வந்திருக்கேன். போன்ல என்னைத் தடுத்து வச்சிருக்கான், வாட்ஸ்அப்பில தடுத்து வச்சிருக்கான், பெங்களூருல வீடு மாத்திட்டான், விலாசம் தெரியாது. போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல சித்தி மக காதுல வந்து ஓதிட்டுப் போறா, "அக்கா, உங்க தம்பிக்கு பொம்பளப் பிள்ள பிறந்திருக்காம், இருவது நாளாச்சாம்." இருவது நாளா நான் அத்தை, எனக்கே தெரியல. பாட்டியாகிட்ட அம்மா இங்க நெத்திலி ஆயுதா, அவளுக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அவன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். வைதாலும் சரி.

பட்டை நிறைஞ்சுட்டு. இசை வேற மாதிரி இருக்கு. வேற விளையாட்டுக்குள்ள வந்துட்டமோன்னு ஒரு நிமிசம் பயந்தே போனேன், ஆனா ஆள் நிக்கான், என் ஆளு, ஏழடி உசரம், தாடி, முதுகுல கேடயம், தலைக்கு மேல இங்கிலீஷ் எழுத்துல மண்சட்டின்னு பேரு. பேரு கிதியோன் வச்சது. அவன் ஆளுக்குக் கருவாடுன்னு வச்சுக்கிட்டான், அப்ப எனக்கு மண்சட்டின்னான், அவன் சிரிச்ச சிரிப்புல நானும் சரின்னுட்டேன். ஏழு கோட்டைங்கிற இந்த விளையாட்டு பூரா அரசன், சூரன், சிங்கம், புலின்னு பேரு வச்சிக்கிட்டு அலைவானுக, நாங்க ரெண்டு பேரும் குழம்புப் பாத்திரமா போவோம். நான் முன்னால போய் அடி வாங்குத ஆளு, அவன் பின்னால நின்னு எனக்கு வைத்தியம் பாக்குத ஆளு. அதுதான் ஏற்பாடு, ஆறு வருசம் சாயங்காலம் தவறாம. இப்ப என் ஆளு எங்க நிக்கான்னே எனக்குத் தெரியல. நான் விட்டுட்டுப் போனது ஒரு சந்தை, வலது பக்கம் கொல்லன் பட்டறை. இப்ப பட்டறையக் காணோம், கடல் இருக்கு. எப்படி கடல் வரும்? கடலுக்குள்ள நிக்கேனா, கரையில நிக்கேனா, முட்டு வரைக்கும் தண்ணி. திரையோட நாலு மூலையிலயும் பெட்டி பெட்டியா வந்து விழுது, பரிசுங்குது, வரவேற்புங்குது, மூடுனா இன்னொண்ணு திறக்குது. நாப்பத்தாறாம் படியில விட்டேன், அது அப்படியே இருக்கு. பக்கத்துல ஓடுத பொடிசுக எல்லாம் தொண்ணூறு, நூறுன்னு போட்டுக்கிட்டு ஓடுதுக. நண்பர்கள் பட்டியல் எங்கன இருக்கு, முன்ன இடது பக்கம் இருக்கும், இப்ப ஒரு குட்டிப் பொம்மைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். திறந்தேன். நாப்பது பேர் சாம்பல் நிறம். ஒரே ஒரு பேருக்குப் பக்கத்துல பச்சை வெளிச்சம். கருவாடு.

இருக்கான். ஆண்டவரே, இருக்கான். அத விட, என் பட்டியல்ல இருக்கான், அப்ப அவன் பட்டியல்ல நானும் இருக்கேன், ஒருத்தர் நீக்கிட்டா ரெண்டு பக்கமும் போயிரும், அது எனக்குத் தெரியும். போன்ல தடுத்தவன், மெயில்ல தடுத்தவன், முதல் கிறிஸ்மஸுக்குப் பழைய வீட்டுக்கு நான் அனுப்புன பார்சலைத் திருப்பி அனுப்புனவன், இங்கன மட்டும் என்னை ஏன் விட்டு வச்சிருக்கான்? மறந்துட்டானா? மறக்குத ஆளா அவன், சின்ன வயசுல நான் அவன் பம்பரத்தை உடைச்ச தேதியச் சொல்லுவான். அப்ப வேணும்னுதான் விட்டு வச்சிருக்கானா? வேணும்னே விட்டு வச்சிருந்தா நாலு வருசத்துல ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம்லா? நான் உள்ளயே வரலையே, எங்கன அனுப்புவான். அனுப்பியிருந்தானோ? தபால் பெட்டின்னு ஒண்ணு இருக்குமே, போய்த் தேடுதேன், தொண்ணூறு நாளுக்கு மேல ஆனதெல்லாம் அழிச்சாச்சுன்னு ஒரு வரி மட்டும் கிடக்கு. அப்ப இருந்துச்சா இல்லையா? இருந்து அழிஞ்சதா, இல்லவே இல்லாததா? இத எவன்கிட்டப் போய்க் கேக்க? மறந்துட்டான்னு வச்சுக்கிடுவோம், இப்ப நான் போய் முன்னால நின்னா அப்பத்தான் ஞாபகம் வந்து நீக்கிருவான், இருக்க ஒரு பச்சை வெளிச்சமும் போயிரும். பேசாம பட்டியலைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு மூடிட்டுப் போயிரலாமா? மவுஸை "அவன் இருக்கும் இடத்துக்குப் போ"ங்கிறதுக்கு மேல வச்சுக்கிட்டு அமுக்காம இருக்கேன், எவ்வளவு நேரம்னு தெரியல. "ஏட்டி, சிலிண்டர்க்காரன் வந்தா சத்தம் கொடு, எனக்குக் கை நாறுது"ங்கா அம்மா. "சரிம்மா"ங்கேன்.

என்ன சொல்லணும்னு ஒரு வாரமா எழுதி வச்சிருக்கேன். தம்பி, அன்னைக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலி. அவ்வளவுதான், ஒரே வரி. பொய்யில்லையே. அன்னைக்குக் காலையில பட்டுச் சேலை கட்டிட்டேன், கைப்பையில ஆதார் ஜெராக்ஸ் வச்சிட்டேன், செருப்பைக்கூட மாட்டிட்டேன். அவன் கல்யாணத்துக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மூணு சாட்சி கையெழுத்து வேணும், ரெண்டு பேர் அவன் கூட்டாளிக, மூணாவது நான். "ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருக்கட்டும்க்கா, மிருதுளா வீட்டுல யாரும் வரல, நீ வந்தா போதும்"னான். மிருதுளாவ நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன், ஓசூர்க்காரப் பிள்ள, அமைதியா இருக்கும். அம்மாவுக்கு அது வேற மதங்கிறது ஒரு பக்கம், கோயில்ல வச்சுக் கட்டலைங்கிறது ஒரு பக்கம், சபையில என்ன சொல்லுவாகங்கிறது எல்லாத்துக்கும் மேல. ஆட்டோ வந்து வாசல்ல நிக்கி, ரெண்டு தடவ ஹாரன் அடிச்சுட்டான், அம்மா கட்டில்ல சாஞ்சுக்கிட்டு என் கையப் பிடிச்சா, நெஞ்ச அடைக்கிட்டி சலோமி, என்னை விட்டுட்டுப் போகாதன்னா. பிடிச்ச பிடி எப்படி, வளையல் தடம் பதிஞ்சுட்டு. நிசமா வலிச்சுதா, நடிச்சாளா? சாயங்காலம் டாக்டர் வயித்துல கேஸ்னு சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. கேஸ்னாலும் வலிக்கத்தானே செய்யும்? வேர்த்திருந்தா. வேர்த்தது எனக்குத் தெரியும், சித்திரை மாசம், எனக்கும்தான் வேர்த்துது. போன் பதினோரு தடவ அடிச்சுது. பன்னெண்டு மணி வரைக்கும் காத்துக்கிட்டு நின்னுருக்கான், கடைசியில பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரு வந்து மூணாவது கையெழுத்துப் போட்டாராம். முன்னால நிக்க வேண்டிய ஆளு நான்தான். அம்மா கையப் பிடிச்சுக்கிட்டா, நான் என்ன செய்ய? எத்தன மணி வரைக்கும் பிடிச்சிட்டு இருந்தாங்கிறத இப்ப நினைக்க வேண்டாம். நெஞ்சு வலின்னு சொன்னாப் போதும், அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்.

அமுக்கிட்டேன். அமுக்கணும்னு அமுக்கல, நெத்திலிச் சட்டியோ என்னமோ அடுப்படியில டமார்னு விழுந்துது, கை அதிர்ந்துட்டு. திரை கறுத்து ஒரு வட்டம் சுத்துது, திரும்பப் போகத் தெரியல, எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பாக்கேன், ஒண்ணும் கேக்கல. வெளிச்சம் வந்தா ஒரு அருவி. இந்த இடம் எனக்குத் தெரியாது, என் காலத்துல கிடையாது. பெரிய அருவி, பாறை, பாசி, ஒரு ஈ காக்கா இல்ல. தண்ணிச் சத்தம் ஸ்பீக்கர்ல இரையுது, அம்மா "மழையாட்டி?"ங்கா, சத்தத்தைக் குறைக்கப் போய் கூட்டி வச்சிட்டேன், அப்புறம் குறைச்சேன். அவன் முதுகு தெரியுது. பத்தடி தள்ளி, தலைக்கு மேல கருவாடு, படி தொண்ணூத்தி நாலு. திரும்பல. நான் வந்தது தெரியாம இருக்குமா, பக்கத்துல ஆள் வந்தா மணி அடிக்குமே. அப்ப தெரிஞ்சுதான் திரும்பாம நிக்கான். நடந்து நடந்து கிட்டப் போறேன், நடக்குத பொத்தானாவது மாறாம இருக்கே, புண்ணியம். எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு, யாரு முன்னால போனாலும் வாயத் திறக்கதுக்கு முன்ன மூணு தடவ கும்பிடணும், கும்பிடாமப் பேசுனா அவன்கிட்ட யாரும் பேச மாட்டாக. புதுசா வாரவனுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன், ஜி அமுக்கினா கும்பிடு. எனக்கு யோசிக்கவே வேண்டாம், அவன் முன்னால போய் நின்ன மாத்திரத்துல விரல் தானா போயிட்டு. ஜி. ஜி. ஜி.

என் ஆளு கும்பிடல. முதுகுல இருந்து கோடாலிய உருவுதான். திரையில மஞ்ச எழுத்துல ஓடுது, மண்சட்டி கருவாட்டைச் சண்டைக்கு அழைக்கிறார்னு இங்கிலீஷ்ல, அடுத்த வரி அதே, அதுக்கடுத்த வரியும் அதே. நான் எங்க அழைச்சேன்? நான் எப்ப அழைச்சேன்? பொத்தானை மாத்தியிருக்கான், படுபாவி, எவனோ ஒருத்தன் எங்கனயோ உக்காந்துக்கிட்டு கும்பிடுத பொத்தானைத் தூக்கிச் சண்டைக்கு வச்சிருக்கான்! நாலு வருசம் மூணு மாசம் கழிச்சு அக்கா வாரா, ஒரு வார்த்தை பேசல, வந்த உடனே கோடாலிய ஓங்கிட்டு நிக்கா, அதுவும் மூணு தடவ. அவன் என்ன நினைப்பான்? இத எப்படி ரத்து செய்ய, எங்கன இருக்கு ரத்து, எஸ்கேப்ப அமுக்குனா திரும்ப ஒரு பரிசுப் பெட்டி வந்து நிக்குது, போ அங்கிட்டு. அதுக்குள்ள இன்னொரு வரி. கருவாடு சம்மதித்தார். சம்மதிச்சுட்டான்! மூணு நிமிசம்னு ஒரு கடிகாரம் மேல இறங்க ஆரம்பிக்குது. இப்ப அவன் ஒரு தட்டுத் தட்டுனா நான் காலி, தொண்ணூத்தி நாலு எங்க நாப்பத்தாறு எங்க. அடிக்கட்டும். அடிக்கணும்னுதானே இத்தன வருசம் இருந்திருப்பான், ஆசை தீர அடிக்கட்டும். அடிக்க மாட்டேங்கான். திரும்பக்கூட மாட்டேங்கான். ரெண்டு நிமிசம் அம்பது. ரெண்டு நிமிசம் முப்பது. என்ன அர்த்தம் இதுக்கு? நீ என்ன வேணா செய், உன் பக்கம் திரும்ப மாட்டேன்னு அர்த்தமா? நான் முதல்ல அடிக்கட்டும்னு பாக்கானா? டைப் அடிச்சு மன்னிப்புக் கேப்போம்னா எழுதுத பெட்டி எங்க இருக்குன்னு தெரியல, ஒவ்வொரு பொத்தானா அமுக்கிப் பாக்கவும் பயமா இருக்கு, எது கும்பிடு எது வெட்டுன்னு யாருக்குத் தெரியும். கைய மடியில வச்சுக்கிட்டேன். மூணு நிமிசமும் ரெண்டு பேரும் சும்மா நின்னோம், கடிகாரம் ஓடி முடிஞ்சுது, சமம்னு ஒரு வரி வந்துது.

அதுக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துல இருந்து எழுத்து வருது, இங்கிலீஷ் எழுத்துல தமிழ், ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ரொம்ப நேரம். "சாரிங்க. ஏதோ பெட்டி வந்துச்சு, எஸ் அமுக்கிட்டேன். எனக்கு இது விளையாடத் தெரியாது." எனக்குப் புரியல. கிதியோனுக்குத் தெரியாதா? அடுத்த வரி வருது. "நான் அவர் வீட்டுக்காரி. அவர் தூங்குறார். இந்த அருவி சத்தம் கேட்டாதான் பாப்பா அழாம பால் குடிக்கும், அதுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன். ஒரு கையாலதான் அடிக்கிறேன், லேட் ஆகும்." நான் வாயப் பொத்திக்கிட்டேன். திரும்பாம நின்னது, அடிக்காம நின்னது, என்னல்லாம் நினைச்சேன், அங்க ஒரு பிள்ள பால் குடிச்சிட்டு இருந்திருக்கு. எழுதுத பெட்டி இப்பத்தான் கண்ணுல படுது, கீழ மூலையில, முன்ன இருந்த அதே இடத்துலதான் இருக்கு. என்ன எழுத? எழுதுததுக்குள்ள அந்தப் பக்கம் முந்திட்டு. "பேர் மண்சட்டின்னு இருக்கு. அண்ணியா?" ஆமான்னு அடிச்சேன். ஆமாங்கிறதுக்குள்ள மூணு தப்பு. ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. போயிட்டாளோ, அவன எழுப்பிட்டாளோ, பட்டியல்ல இருந்து எடுக்காளோ, எடுக்கத் தெரியாதே அவளுக்கு. வந்துது. "உங்களப் பத்தி சொல்லியிருக்கார். மண்சட்டி முன்னால நின்னா நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வார்." அதுக்குக் கீழ இன்னொண்ணு. "அன்னைக்கு ஏன் வரல? அவர் கேக்க மாட்டார். நான் கேக்குறேன்."

கேட்டுட்டா. இதுக்குத்தானே ஒரு வாரமா எழுதி வச்சிருக்கேன், அடிச்சேன், அம்மாவுக்கு நெஞ்சு வலி. தப்பே இல்லாம வந்துது. அனுப்புத பொத்தான் மேல விரல் போகுது, நிக்குது. அன்னைக்குப் பத்தரை மணி. பத்தரைக்கு அம்மா அசந்து தூங்கிட்டா, வாயைத் திறந்துக்கிட்டு குறட்டை, பிடிச்ச கை தானா விட்டுட்டு, கட்டில்ல தொங்குது. நான் பாத்தேன். கடிகாரத்தையும் பாத்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் ஆட்டோவுல போனா பத்து நிமிசம். பன்னெண்டு வரைக்கும் நேரம் இருந்துது, ஆட்டோக்காரன் போயிருந்தா வேற ஆட்டோ கிடைக்காதா, பாளையங்கோட்டையில ஆட்டோவுக்கா பஞ்சம். விட்ட கைக்குப் பக்கத்துலயே நான் உக்காந்திருந்தேன், போன் அடிக்க அடிக்கப் பாத்துக்கிட்டு, செருப்பக் கழட்டாம. அம்மா முழிச்சதும் அந்தக் கைக்குள்ள திரும்ப என் கைய நானே வச்சேன். இத நான் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னதில்ல, கோயில்ல முழங்கால் போட்டப்பவும் சொன்னதில்ல. எழுதுனத அழிச்சேன். அழிச்சிட்டு அடிக்கேன், கண்ணு மங்குது, தப்பும் தவறுமா வருது. அம்மா கைய விட்டுட்டா. நேரம் இருந்துது. நான்தான் வரல. பயந்துட்டேன். சபை பேசும்னு பயந்தேன், அம்மா செத்துருவான்னு பயந்தேன், எல்லாத்துக்கும் பயந்தேன். அம்மா மேல தப்பு இல்ல. மிருதுளா, உங்கிட்டயும்தான் மன்னிப்புக் கேக்கேன். திரும்பப் படிச்சா அனுப்ப மாட்டேன்னு தெரியும், படிக்காம அனுப்பிட்டேன்.

அருவி விழுந்துக்கிட்டே இருக்கு. வரல. இன்னும் வரல. என்ன எழுதித் தொலைச்சேன், நெஞ்சு வலின்னே சொல்லியிருக்கலாம், அம்மாவுக்கும் கௌரவமா இருந்திருக்கும், இப்ப எல்லாம் போச்சு. அழுதுட்டு இருக்காளா, கோவத்துல மூடப் போறாளா, பிள்ள வாந்தி எடுத்துட்டா? எழுத்து அசையுது. "பாப்பா தூங்கிட்டா. அவர எழுப்புறேன். போயிடாதீங்க அண்ணி." போயிடாதீங்கன்னா எங்க போவேன். "ஏட்டி, அழுதியா என்ன?"ங்கா அம்மா அடுப்படியில இருந்து, "மூக்க உறிஞ்சுத சத்தம் கேக்கு. யாருகிட்ட அப்படி டைப் அடிச்சுத் தள்ளுத?" ஆபீஸ் வேலைன்னு வாயில வந்துட்டு. விழுங்கிட்டேன். "கிதியோன் வீட்டுல பேசிட்டு இருக்கேம்மா"ன்னேன், சத்தமா, நாலு வருசமா இந்த வீட்டுல யாரும் சொல்லாத பேர. "அவனுக்குப் பொம்பளப் பிள்ள பிறந்திருக்கு." நெத்திலி கிள்ளுத சத்தம் நின்னுட்டு. இப்ப கட்டில்ல போய்ச் சாயுவா, நெஞ்சப் பிடிப்பான்னு காத்துக்கிட்டு இருக்கேன், திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. செருப்பில்லாத காலு தரையில தேஞ்சு தேஞ்சு வருது, மீன் வாடை வருது, நாற்காலிக்குப் பின்னால வந்து நிக்கா, ரெண்டு கையும் ஈரமா விலக்கிப் பிடிச்சுக்கிட்டு. திரையப் பாக்கா. "இதுல எதுட்டி அவன்?"ங்கா. பச்சை அங்கி போட்டு, கையில ஒரு கம்ப வச்சுக்கிட்டு, அருவி ஓரத்துல நிக்குததக் காட்டுனேன். அம்மா என் தோளுக்கு மேல குனிஞ்சு, மூக்கு திரையில முட்டுத அளவுக்குக் கிட்டப் போய், ரொம்ப நேரம் பாத்தா.

"மெலிஞ்சு போயிட்டானே"ன்னா.